சிரிப்புக்கு உரை

மாசி மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை எங்கள் சமயபுரத்தில் பூச்சொரிதல் தொடங்கிவிடும். அன்றிலிருந்து 28 நாள் மாரியம்மனே தன் மக்களுக்காகப் பச்சைப் பட்டினி விரதம் இருக்கிறாள் என்பது ஐதீகம். சுற்றுவட்டாரத்து ஊர்களிலிருந்து விடிய விடியப் பூ வண்டிகள் வந்துகொண்டேயிருக்கும். வண்டிக்கு வண்டி விளக்கு ஜோடனை. வண்டிக்கு வண்டி குழாய் ஒலிபெருக்கி. அம்மன் பட்டினி கிடக்கிறாளே, கொஞ்சம் தணிந்து பேசுவோம் என்று ஒலிபெருக்கிக்காரர்கள் நினைத்ததாகச் சரித்திரம் கிடையாது.

நான் பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்த 1970-களின் தொடக்கத்தில் எங்கள் வீட்டு எதிர்க் கம்பத்திலும் ஒரு குழாயைக் கட்டுவார்கள். பக்திப் பாட்டு ஓய்ந்ததும் ‘திருவிளையாடல்’ வசனம் தொடங்கும். தருமிக்கு ஆயிரம் பொன் வேண்டும், பாட்டெழுத வராது, இறைவனே எழுதிக் கொடுத்த பாட்டை எடுத்துக்கொண்டு அரண்மனைக்குப் போகிறான், அங்கே பொருள் கேட்டால் விழிக்கிறான். நாகேஷின் அந்தக் குரலை நான் படம் பார்ப்பதற்கு முன்பே நூறு தடவை கேட்டிருப்பேன். எங்கே மூச்சு வாங்குவார், எங்கே குழைவார் என்பது வரை மனப்பாடம். பிறகு ஒரு நாள் மாமாவோடு திருச்சிக்குப் போய்ப் படத்தைப் பார்த்தேன். எல்லாம் தெரிந்த பிறகு சிரிப்பு எங்கே வரப்போகிறது என்றுதான் நினைத்தேன். வந்த சிரிப்பில் புரையேறிவிட்டது! காதுக்குத் தெரிந்தது பாதிதான். அந்த ஒடுங்கிய தோள்களும், எதிரே யாருமில்லாதபோதும் யாரையோ கெஞ்சுகிற கைகளும் குழாய் ஒலிபெருக்கியில் வரவில்லையே!

இந்தப் பழைய கதை இப்போது எதற்கு என்றால், சென்ற ஐப்பசியில் எனக்கு ஒரு பெட்டி வந்தது.

அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி மகன் வீடு மாற்றினான். டெலிபோனில் கூப்பிட்டான். “பெரியப்பா, இப்போது யாரும் டிவிடி பார்ப்பதில்லை. அறுபது தட்டு இருக்கிறது. எல்லாம் ஹாஸ்யப் படம். குப்பையில் போட மனசு வரவில்லை. ஊருக்கு வருகிற சிநேகிதனிடம் கொடுத்தனுப்பட்டுமா?” என்றான். குப்பைக்கு அடுத்தபடியாக அவனுக்கு நான் ஞாபகம் வந்ததில் எனக்கு வருத்தமில்லை. “ஒவ்வொன்றிலும் கமெண்டரி இருக்கிறது, அதையும் கேளுங்கள்” என்றான்.

கமெண்டரி என்றால் கிரிக்கெட் என்றுதான் எனக்குத் தெரியும். போட்டுப் பார்த்த பிறகு விளங்கிற்று. படம் ஓடும், படத்தின் வசனம் அடங்கி ஒலிக்கும், அதன்மேல் அதை எடுத்த டைரக்டரோ, எழுதியவரோ, நடித்தவரோ உட்கார்ந்து, “இந்தக் காட்சியை எடுக்கும்போது மழை வந்துவிட்டது” என்கிற ரீதியில் பேசிக்கொண்டே போவார். நம் முறையில் சொன்னால், மூலத்தோடு கூடிய உரை. அது போதாதென்று, வெட்டி எறிந்த காட்சிகள், ஒத்திகைகள், நடிகர்கள் வசனம் மறந்து சிரித்துவிட்ட துண்டுகள் என்று பின்னிணைப்புகள் வேறு.

இந்த வழக்கம் 1984-இல் தொடங்கியது. டிவிடிக்கு முன் ‘லேசர் டிஸ்க்’ என்று கிராமபோன் தட்டளவுக்கு ஒன்று இருந்தது. அதில் ஒலிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பாதைகள் உண்டு. பழைய படங்களுக்கோ ஒரு பாதையே போதும். மற்றது சும்மா கிடந்தது. சும்மா கிடந்த இடத்தில் ரொனால்ட் ஹேவர் என்ற திரைப்பட வரலாற்றாசிரியரை உட்கார வைத்து, 1933-இல் வந்த ‘கிங் காங்’ படத்தைப் பற்றிப் பேச விட்டார்கள். காலி மனை இருந்ததால் கட்டிய திண்ணை அது. பின்னால் டிவிடி வந்தபோது ஒரே தட்டில் எட்டு ஒலிப்பாதைகள் வரை வைக்க வசதி ஏற்பட்டது. அப்புறம் கேட்க வேண்டுமா? திண்ணை சத்திரமாகிவிட்டது.

‘கிங் காங்’குக்கு உரை சரிதான். அத்தனை பெரிய குரங்கை எப்படி ஆட்டுவித்தார்கள் என்று யாருக்கும் தெரிந்துகொள்ள ஆசை இருக்கும். ஆனால் சிரிப்புக்கு உரை எதற்கு? சிரிப்பு வந்தால் உரை வேண்டாம். வராவிட்டால் உரையினால் வரப்போவதில்லை. இதுதான் என் முதல் அபிப்பிராயம். அதற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு.

பல வருஷங்களுக்கு முன் என்னுடைய வேடிக்கைக் கதை ஒன்றை ஒரு கல்லூரியில் பாடமாக வைத்தார்கள். மாணவர்களுக்கு நோட்ஸ் போட்ட புண்ணியவான், கதையில் சிரிப்பு வரும் என்று நான் நம்பியிருந்த பதினோரு இடங்களிலும் அடிக்கோடிட்டு, “இங்கே ஆசிரியர் நகைச்சுவையாகக் கூறுகிறார்” என்று பதினோரு தடவை எழுதியிருந்தார். பன்னிரண்டாவதாக நான் சீரியஸாக எழுதியிருந்த ஓர் இடத்துக்கும் அதே குறிப்பு. அந்த வருஷம் அங்கே படித்த ஒரு பெண்ணை ரயிலில் சந்தித்தேன். “உங்கள் கதை ரொம்பக் கஷ்டம் சார்” என்றாள்.

ஆகவே, பெட்டியைப் பிரித்ததும் எனக்குச் சண்டைக்குப் போகிற மனநிலைதான். சண்டைக்கு ஆள் வேண்டுமே? ஸ்ரீரங்கத்தில் எனக்கு ஒரு பெரியவர் சிநேகம். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. ஈட்டில் ஊறியவர். பஸ் ஏறிக் கொள்ளிடத்தைத் தாண்டிப் போய் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

வாசகர்களில் சிலருக்கு ஈடு என்றால் என்னவென்று சொல்ல வேண்டியிருக்கும். நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்கு நம்பிள்ளை 13-ஆம் நூற்றாண்டில் ஸ்ரீரங்கத்தில் சொன்ன வியாக்கியானம் அது. (அந்த நூற்றாண்டில்தான் எங்கள் சமயபுரத்தை ஒட்டிய கண்ணனூர் போசள மன்னர்களுக்குத் தலைநகராக இருந்தது. இப்போது அங்கே நின்று அதைச் சொன்னால், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.) நம்பிள்ளை பேச்சைக் கேட்டுவிட்டுக் கலைகிற கூட்டத்தைப் பார்த்து, இது பெருமாளைச் சேவித்துவிட்டு வருகிற கூட்டமா, நம்பிள்ளையைக் கேட்டுவிட்டு வருகிற கூட்டமா என்று ராஜா ஒருவன் திகைத்தானாம். அவருடைய சீடர் வடக்குத் திருவீதிப் பிள்ளை, பகலில் கேட்டதையெல்லாம் இரவில் உட்கார்ந்து ஓலையில் எழுதி வைத்தார். ஆசிரியரிடம் அனுமதி கேட்கவில்லை. பார்த்த நம்பிள்ளை, எழுத்து நன்றாயிருக்கிறது என்று மெச்சினார். கேட்காமல் எழுதியதற்காக ஓலையை வாங்கி வைத்துக்கொண்டார். அப்புறம் ஈயுண்ணி மாதவர் என்பவர் வேண்டிக்கொண்டதால் அது வெளியே வந்தது. முப்பத்தாறாயிரப்படி என்று பெயர். ஒரு படிக்கு 32 எழுத்து. ராத்திரி விளக்கில் எழுதின அந்தத் தட்டு இன்றைக்கும் ஓடுகிறது!

பெரியவர் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, “உம்முடைய நோட்ஸ்காரர் செய்தது பதவுரை ஓய்! ‘யானை என்றால் ஆனை’ என்பது. அதற்கு ஏன் கோபித்துக்கொள்கிறீர்? ஈட்டை நான் எதற்கு அறுபது வருஷமாகப் படிக்கிறேன்? பாசுரத்துக்கு அர்த்தம் தெரியாமலா?” என்றார்.

“பின்னே எதற்கு, ஸ்வாமி?”

“இந்தப் பதத்தைச் சொல்லும்போது பட்டர் என்ன சொன்னார், நஞ்சீயர் என்ன ஆக்ஷேபணை பண்ணினார், எந்த இடத்தில் யாருக்குக் கண் கலங்கியது... அதற்கு ஐதிஹ்யம் என்று பேர். பாசுரத்தைச் சுற்றி அத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் ஓய். நானும் ஓர் ஓரத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். உம்முடைய தட்டிலே அப்படி யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா, அதைச் சொல்லும்.”

இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கார்த்திகை, மார்கழி இரண்டு மாதமும் தட்டுகளைப் போட்டு, முதலில் படம், பிறகு உரை என்று வரிசையாகப் பார்த்தேன். வீட்டில் அவள், “இத்தனை நாள் தனியாகச் சிரித்தீர்கள். இப்போது அவர்கள் சிரிப்பதைப் பார்த்து நீங்கள் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்” என்றாள். உண்மைதான். அறுபதில் பாதிக்கு மேல், கல்யாண வீட்டு ஆல்பத்தைச் சொந்தக்காரர்கள் புரட்டுகிற மாதிரி. “இவர் ரொம்ப நல்லவர்”, “ஆமாம், அன்றைக்கு நல்ல சாப்பாடு” என்று அவர்களுக்குள் பேசிச் சிரித்துக்கொள்கிறார்கள். நமக்குப் பந்தி கிடையாது.

சிலர் இந்தச் சங்கடத்தை உணர்ந்து உரையையே ஹாஸ்யமாக்கிவிட்டார்கள். ‘திஸ் இஸ் ஸ்பைனல் டேப்’ என்று 1984-இல் வந்த படம் ஒரு பொய்ச் சங்கீதக் குழுவைப் பற்றியது. அதன் டிவிடியில் நடிகர்கள் அந்தக் குழுவினராகவே வேஷம் கலைக்காமல் பேசி, தங்களை அவமானப்படுத்திவிட்டதாகப் படம் எடுத்தவரைக் குறை சொல்லிக்கொண்டே போகிறார்கள். ‘மாண்டி பைத்தான்’ கோஷ்டியோ இன்னும் துணிச்சல். அவர்களுடைய ‘ஹோலி கிரெயில்’ படத்தின் 2001-ஆம் வருஷத்து டிவிடியில், “படம் பிடிக்காதவர்களுக்காக” என்று தனியாக ஒரு வசன எழுத்து வரிசை. போட்டால், படத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் ஷேக்ஸ்பியரின் ‘நான்காம் ஹென்றி’ இரண்டாம் பாகத்திலிருந்து வரிகள் கீழே ஓடுகின்றன! உரையாசிரியர் என்ற ஜாதிக்கே வைத்த குட்டு. நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஆனாலும் பெரியவர் கேட்ட கேள்விக்கு அது பதிலாகாது.

பதில் பெட்டியின் அடியில் இருந்தது. ‘அன்னோன் சாப்ளின்’ என்று 1983-இல் கெவின் பிரவுன்லோவும் டேவிட் கில்லும் தயாரித்த மூன்று பாகப் படம். ஒரு படத்துக்குப் பின்னிணைப்பு என்று சொல்வதைவிட, பின்னிணைப்பே ஒரு படமாகிவிட்டது என்று சொல்லலாம். சாப்ளின் ஒத்திகைகளைக்கூடக் காமிராவை ஓட விட்டே பார்ப்பவர். அப்படி எடுத்துக் கழித்த சுருள்கள் பல காலம் எங்கோ கிடந்து, இவர்கள் கையில் சிக்கின. அவற்றை எடுத்த வரிசைப்படி அடுக்கிக் காட்டுகிறார்கள்.

1917-இல் வந்த ‘தி இமிக்ரண்ட்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிழைப்புத் தேடிக் கப்பலில் அமெரிக்கா போகிற ஏழைகளின் கதை. கப்பல் ஆடுகிறது, ஆட்கள் உருளுகிறார்கள், பிறகு கரையில் ஓர் ஓட்டல். சாப்ளின் கப்பலைத்தான் முதலில் நினைத்திருப்பார் என்று நாம் எண்ணுவோம். கிடையாது. முதலில் இருந்தது ஓட்டல் ஒன்றுதான். சாப்பிட உட்கார்ந்த ஒருவன், எதிரே ஒரு பெண். இந்த இரண்டு பேரும் யார், எங்கிருந்து வந்தார்கள் என்று யோசித்துப் பிற்பாடு போய்ச் சேர்ந்த இடம் கப்பல்!

அந்த ஓட்டலில் ஒரு சர்வர் வருகிறான். ஒருவனிடம் பத்து சென்ட் குறைந்ததற்காக எல்லோருமாகச் சேர்ந்து அவனை அடித்து நொறுக்குகிறார்கள். நம் கதாநாயகனிடம் காசு இருக்கிறதா என்பதே சந்தேகம். இந்தச் சர்வர் வேஷத்துக்குச் சாப்ளின் முதலில் போட்டது ஹென்றி பெர்க்மன் என்ற நடிகரை. கழித்த சுருளில் அவர் வருகிறார். உருண்டை உடம்பு, நல்ல நடிப்பு. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சிரிப்பு வரவில்லை. திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள், வரவில்லை. பிறகு மாற்றிவிட்டு எரிக் காம்பெல் என்ற மலைபோன்ற ஆளைப் போட்டு, எடுத்ததை எல்லாம் திரும்ப எடுக்கிறார்கள். காம்பெல் வந்து நிற்கிறார். அவ்வளவுதான், சிரிப்பு வந்துவிடுகிறது. சாப்ளினுடைய முகம் அதே முகம். கூடுதலாகச் சேர்ந்தது பயம் ஒன்றே. அடி விழும் என்று நமக்கு நிச்சயமான பிறகுதான் அந்தச் சின்ன மனிதன் பையைத் துழாவுவது வேடிக்கையாகிறது.

நாற்பது வருஷமாகக் கதை எழுதுகிறேன். சிரிப்புக்குள்ளே இத்தனை பயம் வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அந்தச் சுருளிலும் யாரும் சொல்லவில்லை. சிரிப்பு வராத காட்சியைக் காட்டினார்கள். பிறகு வருகிற காட்சியைக் காட்டினார்கள். இறையனார் களவியலுக்கு உரை கண்ட கதையில், நாற்பத்தொன்பது புலவர்களும் ஆளுக்கோர் உரை சொல்ல, எது மெய்யுரை என்று தீர்ப்புச் சொல்ல ஓர் ஊமைப் பிள்ளையை உட்கார வைத்தார்கள் அல்லவா? உருத்திரசன்மன், ஐந்து வயது. நக்கீரர் உரை சொன்னபோது பதந்தோறும் கண்ணீர் வார்ந்து மெய் சிலிர்த்தானாம். சிரிப்புக்கான உரைக்கும் அப்படி வாய் பேசாத நீதிபதிதான் வேண்டும். பெர்க்மன் வந்தபோது நம் வயிறு சும்மா இருந்தது. காம்பெல் வந்தபோது குலுங்கியது. அதற்கு மேல் விளக்கம் எதற்கு?

சரி, நம்மிடம் என்ன இருக்கிறது?

சினிமா பேசத் தொடங்கிய 1930-களிலிருந்தே நமக்கும் பின்னிணைப்பு உண்டு. கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம்தான் அது. நடிகர் ஜாபிதா, பாட்டுகள், கதைச் சுருக்கம். கதையை முக்கியமான இடத்தில் நிறுத்திவிட்டு மீதியைத் திரையில் பார்த்துக்கொள்ளச் சொல்லும். ஹாஸ்ய நடிகர்களுக்குப் பெயர் உண்டு, விளக்கம் கிடையாது. அது விவேகமான காரியம் என்றுதான் சொல்வேன். நாடகத்துக்கு மட்டும் பம்மல் சம்பந்த முதலியார் ஒரு பெரிய உபகாரம் செய்தார். 1891-இல் சுகுண விலாச சபையைத் தொடங்கியவர், பிற்காலத்தில் ‘நாடக மேடை நினைவுகள்’ என்று பாகம் பாகமாக எழுதினார். எந்த நாடகத்தை எப்போது எழுதினார், யார் என்ன வேஷம் போட்டார்கள், எங்கே என்ன தவறு நேர்ந்தது என்று மனம் திறந்து சொல்கிறார். அவருடைய ‘சபாபதி’ 1941-இல் படமாக வந்து, டி.ஆர். ராமச்சந்திரனும் காளி என். ரத்தினமும் எஜமானும் வேலைக்காரனுமாகத் தமிழ்நாட்டைச் சிரிக்க வைத்தார்கள். அந்த இருவரும் அப்படி ஒரு நினைவுப் புஸ்தகம் எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும்!

பிறகு ரேடியோ. திருச்சி வானொலி நிலையம் 1939-இல் தொடங்கியது. எங்கள் பக்கத்தில் ‘ஒலிச்சித்திரம்’ என்றால் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குப் பின் தெருவே அடங்கிவிடும். முழுப் படத்தையும் ஒரு மணி நேரத்துக்குள் சுருக்கிக் காதாலேயே பார்க்க வைத்தார்கள். அப்புறம் வீடியோ வந்தது, விசிடி வந்தது. விசிடி தட்டு ஒன்றில் ஏறக்குறைய 74 நிமிஷம்தான் அடங்கும். நம் படமோ இரண்டரை மணி. மூலத்துக்கே இரண்டு மூன்று தட்டு ஆகும்போது உரைக்கு ஏது இடம்? டிவிடி வந்ததும் இடம் கிடைத்தது. அந்த இடத்தில் நாம் என்ன வைத்தோம் தெரியுமா? இன்னும் இரண்டு படம்! ஒரே தட்டில் மூன்று படம் என்று அட்டையில் பெரிய எழுத்தில் போட்டால்தான் விற்றது. 2007 வாக்கில் மோசர் பேர் கம்பெனி டிவிடியை 34 ரூபாய்க்கே கொடுக்க ஆரம்பித்தது. சாதாரண மனிதர்களும் கடையில் நல்ல தட்டு வாங்க முடிந்தது. நானும் ஒரு கட்டு வாங்கினேன். 34 ரூபாய்க்குப் படமும் கொடுத்து உரையும் கொடு என்று கேட்க எனக்கே கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்டிருக்க வேண்டும்.

ஏனென்றால் ‘காதலிக்க நேரமில்லை’ என்று ஒரு படம். 1964. நாகேஷ் தாம் எடுக்கப்போகும் படத்தின் கதையைத் தகப்பனாரான டி.எஸ். பாலையாவுக்குச் சொல்லுகிற காட்சியை நான் விவரிக்கப்போவதில்லை. விவரித்தால் நானும் நோட்ஸ்காரனாகிவிடுவேன். வசனம் எழுதிய சித்ராலயா கோபு அதற்கு ஒரு மூலம் சொல்லியிருக்கிறார். தாதா மிராசி என்ற டைரக்டர் கதை சொல்லும்போது காற்று, கதவு, காலடி எல்லாவற்றுக்கும் வாயாலேயே சத்தம் கொடுத்துச் சொல்வாராம். அந்த நினைவுதான் காட்சியாயிற்று. இதைத் தெரிந்துகொண்ட பிறகு காட்சியை மறுபடியும் பார்த்தேன். என் பார்வை நாகேஷை விட்டுப் பாலையாவிடம் போய்விட்டது. கதை சொல்கிறவன் ஒருத்தன் என்றால், எதிரே உட்கார்ந்து பயந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! அந்தப் பயம் அவ்வளவையும் பாலையா ஒரு முகத்தில் வாங்கிக்கொள்கிறார். எரிக் காம்பெல்லுக்கு நேர் எதிர்ப்பக்கம் இது. அங்கே பயமுறுத்துகிறவனால் சிரிப்பு; இங்கே பயப்படுகிறவரால்.

தருமியைப் பற்றியும் அப்படி ஒரு செய்தி உண்டு. அந்தத் தனிப் புலம்பலில் பெரும்பங்கு நாகேஷ் அந்த இடத்திலேயே தாமாகச் சேர்த்தது. எடுத்ததைப் போட்டுப் பார்த்த சிவாஜி கணேசன், இதில் ஓர் அடிகூட வெட்டக்கூடாது என்று டைரக்டர் ஏ.பி. நாகராஜனிடம் சொன்னாராம். நாகேஷே பிற்காலத்தில் நன்றியோடு சொன்னது இது. எங்கள் எதிர்க் கம்பத்துக் குழாயில் நான் கேட்ட குரல், யாரோ ஒருவர் ‘வெட்டாதே’ என்று சொன்னதால் பிழைத்த குரல் என்பது எனக்கு எத்தனை வருஷம் கழித்துத் தெரிந்தது!

பாலையா 1972-லேயே போய்விட்டார். அவரை உட்கார வைத்துப் பேச விடும் கருவி அப்போது கிடையாது. ஆனால் ஸ்ரீதர் 2008 வரை இருந்தார். நாகேஷ் 2009 ஜனவரி வரை இருந்தார். 34 ரூபாய்த் தட்டு ஊரெல்லாம் விற்ற காலம் அது. அதில் எட்டு ஒலிப்பாதை. சென்னையில் ஓர் அறை, ஒரு மைக், இரண்டு நாற்காலி, ஒரு பிளாஸ்க் காப்பி. இரண்டரை மணி நேரம். அவ்வளவுதான் செலவு. ‘இந்த இடத்தில் பாலையா அண்ணன் என்ன செய்தார் தெரியுமா?’ என்று நாகேஷ் ஆரம்பித்திருந்தால்? பேட்டிகள் கொடுத்தார்கள், நினைவுகளைச் சொன்னார்கள், வாஸ்தவம். ஆனால் படம் கண்ணெதிரே ஓட ஓட, காட்சிக்குக் காட்சி அவர்கள் பேசியது எதுவும் என்னிடமுள்ள கட்டில் இல்லை. திருச்சிக் கடைகளில் தேடியும் என் கண்ணில் படவில்லை. இரவில் விளக்கேற்றி உட்கார ஒரு வடக்குத் திருவீதிப் பிள்ளை இல்லாமல் போனார். இப்போது தட்டும் போய்விட்டது. தட்டு ஓட்டும் பெட்டியை ரிப்பேர் செய்ய ஆள் கிடைப்பதே கஷ்டமாயிருக்கிறது.

தை பிறந்து ஒரு நாள் ஸ்ரீரங்கத்துப் பெரியவரைக் காரில் அழைத்துக்கொண்டு வந்து, ‘தி இமிக்ரண்ட்’ படத்தைப் போட்டுக் காண்பித்தேன். பேச்சில்லாத படம் என்பதால் அவருக்குப் பாஷைத் தொல்லை இல்லை. காம்பெல் வந்து நின்றதும் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு கழித்த சுருளைப் போட்டேன். பெர்க்மன் வந்தார், தட்டை வைத்தார், முறைத்தார். பெரியவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்ட நகர்ந்து உட்கார்ந்தார்.

“பாவம், நன்றாகத்தானே பண்ணுகிறான்” என்றார்.

“ஆமாம், ஸ்வாமி. அப்புறம் இதே படத்தில் அவருக்கு வேறு வேஷம் கொடுத்துவிட்டார்கள்.”

“அப்படியா?” என்று கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். நான் பெட்டியை அணைக்கப் போனேன்.

“அணைக்காதேயும் ஓய். முதலில் வந்தானே, அந்தச் சர்வர், அவனை இன்னொரு தரம் போடும்” என்றார்.